நாள் சொல்லாத வீடு

எங்கள் வீட்டிலிருந்து அவள் இருந்த வீட்டுக்கு ஒரு கோடு போட்டால் நடுவில் தண்ணீர் மட்டும்தான். இக்கரை தூத்துக்குடி, அக்கரை மன்னார். இரண்டு கரைக்காரர்களும் ஒருகாலத்தில் முழுகி முத்தெடுத்த பார்கள், அந்தப் பாறைத்திட்டுகள், அந்தத் தண்ணீருக்கு அடியில் கிடக்கின்றன. ஆனால் அவளைப் பார்க்க நாங்கள் மதுரைக்குப் பஸ் ஏறினோம், மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானம், கொழும்பிலிருந்து மறுபடியும் வடக்கே ஒரு பகல் முழுக்கப் பஸ். முதுகுக்குப் பின்னால் இருப்பவளைப் பார்க்க உலகத்தைச் சுற்றி வருவதைப் போல இருந்தது.

என் கணவர் தோணித் தண்டல். மாலத்தீவுக்கு வெங்காயமும் ஜல்லியும் ஏற்றிப் போகும் தோணியின் தலைவனை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அவருக்கு அதுதான் முதல் விமானம். ஜன்னலோரம் உட்கார்ந்து குனிந்து குனிந்து பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "இது கடலே இல்லளா. சத்தமும் இல்ல, வாடையும் இல்ல. என்ன கடலு இது?" என்றார். கொழும்பு வரும்வரை அப்புறம் வெளியே பார்க்கவில்லை. மடியில் வைத்திருந்த மக்ரூன் பொட்டலத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பிள்ளை அவருடைய சித்தப்பா மகனின் மகள். அந்தத் தம்பி இருபது வயதில் அக்கரைக்குப் போனவன். மீன் வியாபாரம், அங்கேயே கல்யாணம், அங்கேயே மண். மனைவி முதலில் போனாள், இரண்டு வருடம் கழித்து இவன் நோயில் போனான். பிள்ளையைக் கன்னியர் நடத்தும் ஒரு இல்லத்தில் சேர்த்துவிட்டார்கள் என்ற செய்தி சாமியார் ஒருவர் மூலமாக எங்களுக்கு வந்து சேரும்போது அவளுக்கு வயது எட்டு. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவர் அன்றைக்குச் சாப்பிட்டு முடித்தார். கை கழுவிவிட்டு வந்து, "நம்ம பிள்ளைலா அது" என்றார். அவ்வளவுதான் முடிவு. அதன்பின் இரண்டு வருடம் காகிதம். நீதிமன்றம், வக்கீல், வீட்டைப் பார்க்க வந்த அதிகாரி, மருத்துவர் சான்று, பங்குச் சாமியார் சான்று. தத்து மனுவில் எங்கள் பெயர்களுக்குக் கீழே அவள் பெயரை அச்சில் பார்த்த நாளில் நான் அந்தத் தாளை எத்தனை முறை மடித்துப் பிரித்தேனோ, மடித்த இடம் கிழிந்துவிட்டது.

தீர்ப்பு வரும்வரை போனில் பேசக்கூடாது என்பது அந்த இல்லத்தின் விதி. எங்களிடம் இருந்தது ஒரே ஒரு படம். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள்.

நாங்கள் போகிறோம் என்று யாருக்கும் சொல்லவில்லை. இதை வெளியூர்க்காரர்களுக்கு விளக்குவது கஷ்டம். தோணிக்காரர் வீட்டில் நாள் சொல்லமாட்டார்கள். எப்போது போகிறீர்கள் என்று கேட்கமாட்டோம், எப்போது வருவீர்கள் என்று வாய் தவறியும் கேட்கமாட்டோம். ஆள் படி இறங்கினால் உள்ளே வந்துவிட வேண்டும். வீட்டைப் பெருக்கக்கூடாது. வருகிற நாளைக் குறித்துச் சொன்னால் கடல் அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் என்று எண்ணம். யாரும் அப்படிச் சொல்லித் தந்ததில்லை. எல்லாரும் அப்படி இருப்பார்கள், பார்த்துப் பார்த்து நாமும் இருந்துவிடுவோம்.

நான் சாயர்புரத்துக்காரி. அங்கே எல்லாவற்றுக்கும் நாள் உண்டு. பரீட்சைக்கு நாள், கோயில் அசன விருந்துக்கு நாள், கல்யாணத்துக்கு அச்சடித்த நாள். இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் எனக்கு இது சிரிப்பாக இருந்தது. என் பிழைப்போ, துறைமுகத்துப் பக்கம் கப்பல் ஏஜென்சி ஆபீசில் நாளெல்லாம் தேதி சொல்வது. எந்தக் கப்பல் என்றைக்கு வரும், எந்த நேரம் பெர்த் கிடைக்கும், கன்டெய்னர் எப்போது இறங்கும். போனை எடுத்தால் தேதி. மாலையில் செருப்பைக் கழற்றும்போது அந்த வாயையும் கழற்றி வெளியே வைத்துவிட்டு உள்ளே போகவேண்டும்.

முதல் முறை உண்டானபோது நான் கழற்றி வைக்கவில்லை. டாக்டர் எழுதித் தந்த தேதியைத் தெருவெல்லாம் சொன்னேன். ஐந்தாம் மாதம் போயிற்று. இரண்டாம் முறையும் சொன்னேன், அதுவும் போயிற்று, மூன்றாம் முறை என் அம்மாவுக்கு மட்டும் சொன்னேன். மூன்றாவது குழந்தை அந்தத் தேதிக்கு இரண்டு வாரம் முன்னால் சத்தமில்லாமல் பிறந்தது. மதினி, அவருடைய அக்கா, ஆஸ்பத்திரியில் என் தலைமாட்டில் உட்கார்ந்து என் தலையைக் கோதிக்கொண்டே, "சொல்லாத, சொல்லாதன்னு அப்பமே சொன்னம்லாளா" என்று அழுதாள். கோபமாகச் சொல்லியிருந்தால் மறந்திருப்பேன். அவள் அன்பாகச் சொன்னாள். அன்றிலிருந்து நானும் தோணிக்காரி ஆனேன்.

மதினிக்கு மூக்கு நல்ல மூக்கு. கிளம்புவதற்கு முந்தின நாள் வந்து சூட்கேஸைப் பார்த்துவிட்டாள்.

"என்னளா, காத்துக் காலத்துல தோணி கட்டிக் கெடக்கேன்னு தண்டல் உன்னய ஊட்டிக்குக் கூட்டிட்டுப் போறாரோ?"

"சும்மா வெளியூரு மதினி."

"வயசு அம்பதாகப் போவுது, இப்பம்தான் எந்தம்பிக்கு ஞாபகம் வந்துருக்கு. பாத்துப் போங்க. அவன் நின்னா நின்ன எடம், ஒக்காந்தா ஒக்காந்த எடம். ஊட்டியில போயி கயித்தப் பிரிச்சிப் போட்டுட்டு ஒக்காரப் போறான்."

சிரித்தோம். சூட்கேஸின் மேலடுக்கில் பத்து வயதுக்கு உத்தேசமாக எடுத்த இரண்டு கவுன் இருந்தது. மதினி அதை ஒரு விரலால் தொட்டாள். ஒன்றும் கேட்காமல் மூடியைச் சாத்திவிட்டுப் போனாள். எங்கள் வீட்டில் மரியாதை என்பது கேட்காமல் இருப்பது.

மன்னாரில் இறங்கியபோது காற்று எங்கள் ஊர்க் காற்றாகவே இருந்தது. அதே உப்பு, அதே கருவாட்டு வாடை, அதே மாதிரி சாய்ந்த பனைகள். அவருக்கு முகம் தெளிந்தது. "நம்ம ஊருதான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சட்டையை மாற்றி, தலையைத் தண்ணீர் தொட்டு வாரி, கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போகிறவரைப் போல நடந்தார். பிள்ளைகளிடம் எந்தக் குரலில் பேசுவது என்றே எனக்கு மறந்துபோயிருந்தது. அப்படி ஒரு குரல் என்னிடம் எப்போதாவது இருந்ததா?

இல்லத்தில் எங்களுக்குக் கொடுத்தது ஒரு மணி நேரம். மேசை, நாலு நாற்காலி, சுவரில் ஒரு காலண்டர். இல்லத்தின் பொறுப்பில் இருந்த சிஸ்டர் ஒரு ஓரமாக உட்கார்ந்தார். வாசலிலிருந்து உள்ளே வரும் வழியிலேயே என்னிடம் சொல்லியிருந்தார்: "பத்து வயசு முடிஞ்ச பிள்ளை. சட்டப்படி அவ சம்மதம் சொல்ல வேணும். அதிகாரி கேப்பார். நீங்கள் பயப்பிட வேண்டாம், அவ விருப்பமாத்தான் இருக்கிறா."

அவள் வந்தாள். பள்ளிச் சீருடை, மடித்துக் கட்டிய இரட்டைப் பின்னல், வெள்ளை ரிப்பன். நெஞ்சோடு ஒரு நோட்டை அணைத்திருந்தாள், அவர்கள் பேச்சில் கொப்பி. எங்களை விட்டுவிட்டு எங்கள் செருப்புகளை முதலில் பார்த்தாள். பிறகு நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, கொப்பியைப் பிரித்து, பென்சிலை எடுத்தாள்.

"பிள்ளை கேள்வி எழுதி வச்சிருக்கிறா" என்றார் சிஸ்டர். "ஒரு கிழமையா, ஏழு நாளா எழுதுறா."

எண் போட்டு எழுதியிருந்தாள். ஒவ்வொரு கேள்விக்கும் கீழே பதிலுக்கு ஒரு வரி காலியாக விட்டிருந்தாள்.

"உங்கட வீட்டில நாய் இருக்கா?"

"இருக்கும்மா" என்றார் இவர். "நம்ம நாயி இல்ல, தெரு நாயிதான். ஆனா சோறு நம்ம வீட்டுல."

அவள் எழுதினாள். எட்டிப் பார்த்தேன். 'நாய் – அரை' என்றிருந்தது.

"ஏன் அரை?"

"உங்கட நாய் இல்லைத்தானே. சாப்பாடு மட்டும்தானே." நியாயமான கணக்கு. இவர் வாய்விட்டுச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை, அடுத்த கேள்விக்குப் போனாள்.

"நான் உங்களை எப்பிடிக் கூப்பிடுறது? முறைப்படி பெரியம்மா, பெரியப்பா எண்டு சிஸ்டர் சொன்னவ."

"பெரியம்மான்னே கூப்பிடு" என்றேன். அந்தச் சொல்லின் முன்பாதியை யாராவது வெட்டி எடுத்துவிட மாட்டார்களா என்று இருந்தது.

"பள்ளிக்கூடம் கிட்டவா, தூரவா?" கிட்ட. "நான் ஆரோட படுக்கிறது?" என்னோட. "அங்க என்ர சோதினை முடிவு செல்லுமா?" விசாரித்திருக்கிறோம், பரீட்சை மார்க் செல்லும். எல்லாவற்றையும் எழுதினாள். ஒன்று எழுதி முடித்ததும் ஒரு சரி போட்டாள்.

"அப்பாவ உங்களுக்குத் தெரியுமா?"

இவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். "தெரியுமாவா? எங்க வம்சத்துலயே கடல்ல வாந்தி எடுத்த ஒரே ஆளு உங்கப்பன்தான். மொத மொதல்ல தோணியில ஏத்துறோம், ஹார்பர் வாசலு தாண்டல, பக்கத்துல நின்ன எஞ்சின் டிரைவரு சட்டையெல்லாம் நாசம். அந்தாளு சாவுற வரைக்கும் உங்கப்பனப் பாத்தா நாலடி தள்ளித்தான் நிப்பாரு."

அப்போது சிரித்தாள். மேல்வரிசையில் ஒரு பல் இன்னொன்றின் மேல் ஏறியிருந்தது. இவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். தம்பியின் பல் அது. அவள் பதிலாக என்ன எழுதினாள் என்று நான் பார்க்கவில்லை. நெடுநேரம் எழுதினாள்.

கடைசிக் கேள்வி மட்டும் பாக்கி இருந்தது. அதற்கு அடியில் கோடு போட்டிருந்தாள். படிக்கவில்லை, மனப்பாடமாகக் கேட்டாள்.

"திரும்ப எப்ப வருவீங்கள்? எந்த நாள்?"

பென்சில் முனை தாளில் தொட்டு நின்றது.

இவர் உள்ளங்கையால் தொடையைத் தடவினார். மூன்று பேரைக் கடலில் கண்ணெதிரே இழந்தவர் அவர். அதில் ஒருவன் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வந்துவிடுவேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தவன்.

"அது நம்ம கையிலயாம்மா இருக்கு?" என்றார். "காகிதம் வரணும். கடல் விடணும்."

அவள் காத்திருந்தாள். அந்தப் பதிலை எழுதவில்லை. மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

எனக்கு நேர் எதிரே காலண்டர். டிசம்பரில் நீதிமன்றம் மறுபடி எடுக்கும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். கிறிஸ்மஸுக்கு வந்தால் ஆபீசில் லீவு கிடைக்கும் என்று நான் முன்பே மனதுக்குள் கூட்டிப் பார்த்திருந்தேன். நாள் என் நாக்கின் மேலேயே இருந்தது. முகம் தெரியாத எத்தனையோ பேருக்கு, நான் காணாத கப்பல்களுக்கு, கூசாமல் தேதி சொல்கிற வாய் இது. அந்தப் பிள்ளையின் ஏறின பல்லைப் பார்த்தேன். மூன்று தேதிகளும் வரிசையாக வந்து நின்றன. இவளையும் சொல்லிப் போக்கிவிடாதே என்று என் உடம்பு முழுக்க ஒரே பயம்.

"ஆண்டவர் சித்தம்" என்றேன்.

"ஓம்" என்றாள், சரி என்பதைப் போல. கொப்பியை மூடினாள். அந்த வரி காலியாகவே உள்ளே போயிற்று. மக்ரூனை வாங்கி நன்றி சொன்னாள். வாங்கிய கையோடு சிஸ்டரிடம் கொடுத்துவிட்டாள். வாசல் வரை வந்து வழியனுப்பினாள், விருந்தாளிகளை அனுப்புவதைப் போல, கையைக் கட்டிக்கொண்டு.

அன்று சாயந்தரம் மன்னார்க் கடற்கரையில் உட்கார்ந்திருந்தோம். செய்த தப்பு இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது.

"ஒரு நாளச் சொல்லியிருக்கலாம்லா நீங்க" என்றேன்.

"நீ சொல்லியிருக்கலாம்லா. நாள் முச்சூடும் போன்ல தேதி சொல்லுதவ நீதான? நானா சொல்லுதேன்?"

"எனக்குப் பயமா இருந்துச்சி."

"எனக்கு மட்டும் என்னவாம், குளுகுளுன்னா இருந்துச்சி?" என்று கத்தினார். வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். இவர் குரலைத் தாழ்த்தினார். "அது பென்சிலப் பிடிச்சிக்கிட்டு ஒக்காந்துருந்துது பாத்தியா?"

கிறிஸ்மஸுக்கு மறுநாள் என்று அங்கேயே வைத்து முடிவு செய்தோம். அவரே வாய்விட்டு மூன்று முறை சொல்லிப் பார்த்தார். புதுப் பாஷை பேசிப் பழகுவதைப் போலிருந்தது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு வாசலில் நின்றோம். அவள் பள்ளிக்குப் போயிருந்தாள், வந்தாலும் அதிகாரியின் அலுவலகம் கொடுத்த அந்த ஒரு மணி நேரத்துக்கு மேல் பார்க்க முடியாதாம். சிஸ்டர் எங்களை உட்காரச் சொன்னார். அதிகாரி நேற்று மாலையே வந்து அவளிடம் கேட்டு எழுதிக்கொண்டு போய்விட்டாராம்.

"என்ன சொன்னா?"

சிஸ்டர் முந்தானை ஓரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நல்ல ஆக்கள் எண்டு சொன்னா. அப்பாவின்ர கதை சொன்னவை எண்டு சொன்னா. ஆனா அவை திரும்பி வரமாட்டினம், அதாலே தனக்கு விருப்பமில்லை எண்டும் சொல்லிட்டா."

அவளைப் பார்க்க எங்களுக்கு முன்னால் இரண்டு குடும்பம் வந்ததாம். இரண்டு குடும்பமும் நன்றாகச் சிரித்துப் பேசியது, இரண்டும் வருகிற நாளைச் சொல்லாமல் போனது, இரண்டும் வரவில்லை. அதன் பிறகுதான் அவள் கேள்விகளைக் கொப்பியில் எழுத ஆரம்பித்தாள். மற்றக் கேள்வியெல்லாம் சும்மா. கடைசி ஒன்றுக்காகத்தான் அந்தக் கொப்பி.

"அவங்க கடலுக்குப் போறவங்க இல்ல சிஸ்டர்" என்றார் இவர். "நாங்க... எங்க வழக்கம்..." புயலில் தோணியைத் திருப்பத் தெரிந்த மனிதர். ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லத் தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

நான் சொன்னேன். எங்கள் வீட்டில் நாள் சொல்ல மாட்டோம், வரவேண்டும் என்ற ஆசை உள்ளவர்கள்தான் சொல்ல மாட்டார்கள் என்றேன். கிறிஸ்மஸுக்கு மறுநாள் கட்டாயம் வருகிறோம், தயவுசெய்து அவளிடம் சொல்லுங்கள் என்றேன். சிஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அதிகாரி எழுதிக்கொண்டு போன பதிலை மாற்றுவது தன் கையில் இல்லை, ஆனாலும் முயற்சி செய்வோம் என்றார்.

ஊருக்கு வந்ததும் மதினி வந்தாள். "ஊட்டி குளிருச்சா?" என்றாள். "ரொம்பக் குளிரு மதினி" என்றேன். வேறு யாரிடம் என்ன சொல்ல? பிள்ளை வருகிறாள் என்று சொல்லியிருந்தால்தானே வரவில்லை என்று அழ முடியும். அடுப்படியில் நின்று வெங்காயம் உரித்தேன். சமையலுக்குத் தேவைக்கு மேலேயே உரித்தேன்.

அக்டோபரில் வக்கீல் போன் செய்தார். பிள்ளை சம்மதிக்காததால் டிசம்பர் வரை நிற்காமலே மனு தள்ளுபடி. என் கணவர் தோணிக்கு டீசல் ஏற்றிக்கொண்டிருந்தார், அங்கே போய்ச் சொன்னேன். "சரி" என்றார். டீசல் குழாயை மூடிவிட்டு, "ஆனா நாம சொன்ன நாளுக்குப் போவோம்" என்றார்.

டிசம்பர் நல்ல ஓட்டம் ஓடும் மாதம். ஒரு நடையை அவர் விட்டுக்கொடுத்தார். வேறொருவர் அவருடைய தோணியைக் கொண்டு போனார். தோணி வெளியே போவதை அவர் முதன்முறையாகக் கரையில் நின்று பார்த்தார்.

கிறிஸ்மஸுக்கு மறுநாள், சொன்னபடி, அந்த வாசலில் நின்றோம். மழை தூறிக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்ததும் சிஸ்டரின் முகம் மாறியது. கதவைத் திறக்காமல் கம்பிக்கு அந்தப் பக்கமே நின்றார்.

"வந்திட்டீங்களா" என்றார். அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை.

"பிள்ளைட்ட சொல்லியிருந்தீங்கள்லா சிஸ்டர், இன்னைக்கு வருவோம்னு?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மழையில் மறுபடி நனைந்தது.

"சொல்லேல்லை" என்றார். "சொல்லி நீங்கள் வராமல் விட்டா? மூண்டாம் தரம் அவ தாங்க மாட்டா. அதால நான் நாள் சொல்லேல்லை. என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

இவர் தலையை ஆட்டினார். கோபமே இல்லை. அந்தப் பயம் அவருக்கு எவ்வளவு நன்றாகத் தெரியும்.

கோப்பை மூடிவிட்டதால் சொந்தக்காரர் என்று பார்ப்பதற்கும் அதிகாரியின் அலுவலகத்திலிருந்து கடிதம் வேண்டும். பண்டிகை லீவு, அலுவலகம் திறக்க இன்னும் பல நாள். எங்கள் விசாவுக்கு அத்தனை நாள் இல்லை. அவள் இப்போதுதான் பழையபடி சாப்பிடத் தொடங்கியிருக்கிறாள், தூரத்தில் நின்றுகூடக் காட்டிக்கொள்ள வேண்டாம் என்று சிஸ்டர் கேட்டுக்கொண்டார். கேட்டுக்கொண்ட விதத்தில் ஒன்றும் மறுக்க முடியவில்லை.

மதிலுக்கு வெளியே ஒரு வேப்பமரத்தின் அடியில் ஒதுங்கினோம். பஸ்ஸுக்கு நேரமிருந்தது. உள்ளே பிள்ளைகள் பாட ஆரம்பித்தார்கள். குழந்தை யேசுவுக்கான தாலாட்டு, முப்பது நாற்பது குரல் இருக்கும், மழையோடு கலந்து மேலே ஏறி வந்தது. இவர் மதில்மேல் கையை வைத்துத் தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு மெதுவாக என்னிடம் கேட்டார்.

"இதுல எதுளா நம்ம பிள்ள சத்தம்?"

நான் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு குரலாகத் தேடினேன். ஒரு மணி நேரம்தான் கேட்ட குரல். ஏழு கேள்வி, ஒரு சிரிப்பு, ஒரு ஓம். அதற்குள் பாட்டு முடிந்துவிட்டது. எனக்குத் தெரியவில்லை.